துறைப் பகுப்பும் பொறுப்பும்: அத்திப்பட்டை முன்வைத்துத் தமிழக அமைச்சரவை பற்றிய ஓர் ஆய்வு

தமிழகத்தில் புதிய அமைச்சரவை பதவியேற்கும் ஒவ்வொரு முறையும், எந்த மாவட்டத்துக்கு எத்தனை அமைச்சர்கள், எந்தச் சமூகத்துக்கு இடம் கிடைத்தது, பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கே முதலில் எடுக்கப்படுகிறது. இக்கணக்கைப் புறந்தள்ள இயலாது. 1954இல் காமராசர் தம்மோடு சேர்த்து எண்மரைக் கொண்டு அமைத்த அமைச்சரவையில் பொதுநலக் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கருக்கும் உழைப்பாளர் கட்சியின் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாருக்கும் இடமளித்ததன் வழியாக வடமாவட்ட வன்னியர் அரசியல் ஆட்சியோடு நெருங்கியது. எனினும், துறைகள் எவ்வாறு பகுக்கப்பட்டு எவரிடம் எவற்றோடு சேர்த்து ஒப்படைக்கப்படுகின்றன என்பது மக்கள் வாழ்வை இதைவிட நேரடியாகத் தொடுகிறது என்பதும், அரசே தொழில் நடத்தும் இடங்களில் அப்பகுப்பு பொறுப்பைச் சிதறடிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பட்டு இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அரசமைப்பின் 164ஆம் உறுப்பின்படி முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார். ஏனைய அமைச்சர்கள் முதலமைச்சரின் அறிவுரைப்படி நியமிக்கப்படுகின்றனர். 2003ஆம் ஆண்டின் 91ஆம் திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கை பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரையறுத்ததால், 234 உறுப்பினர் கொண்ட தமிழகத்தில் முதலமைச்சர் உட்பட 35 பேரே அமைச்சர்களாக இருக்க முடியும். துறைப் பங்கீடோ 166ஆம் உறுப்பின்கீழ் வகுக்கப்படும் அலுவல் விதிகளின்படி நடைபெறுகிறது. நடைமுறையில் இது முதலமைச்சரின் முடிவே. 35 என்ற வரம்புக்குள் துறைகளை அடக்க வேண்டியிருப்பதால் தொடர்பற்ற துறைகளும் ஒருவரிடம் சேர்கின்றன. 2021 மே 7 அன்று பதவியேற்ற அமைச்சரவையில் சுற்றுச்சூழலும் விளையாட்டும் ஒரே அமைச்சரிடம் தரப்பட்டன. வனம் வேறொருவரிடம் சென்றது.

அத்திப்பட்டில் இப்பங்கீட்டின் விளைவைக் கண்கூடாகக் காணலாம். 1990களின் நடுவில் அங்கு 630 மெகாவாட் திறனோடு இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தில், எரிந்த நிலக்கரியின் சாம்பல் நீரில் கலந்து குழம்பாக்கப்பட்டு, குழாய்கள் வழியே செப்பாக்கம் அருகிலுள்ள சாம்பல் குளத்துக்குச் செலுத்தப்படுகிறது. குழாய் அரித்து உடையும் இடங்களில் அக்குழம்பு கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் படிகிறது. ஆறு தூர்ந்து படகு தரைதட்டுகிறது. கையால் தடவி இறால் பிடிப்போரின் காலடியில் சேற்றுக்குப் பதிலாகச் சாம்பல் நிற்கிறது. குழாய் மின்துறையின் கீழுள்ள நிறுவனத்துடையது. கசிவை அளக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுற்றுச்சூழல் துறையின் கீழ் வருகிறது. ஆறு 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட நீர்வளத் துறையிடமும், பிழைப்பை இழந்த மீனவர் மீன்வளத் துறையிடமும் உள்ளனர். உடைந்த குழாய் ஒன்றே. அதற்கு மறுமொழி கூற வேண்டிய அமைச்சர்கள் நால்வர்.

வட்டாரப் பிரதிநிதித்துவம் இருந்தால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று வாதிடலாம். ஆனால் 2006 முதல் 2011 வரை மீன்வளத் துறை அமைச்சராக இருந்த கே.பி.பி. சாமி திருவொற்றியூர்த் தொகுதியிலிருந்தும், 2021 வரை அத்துறையை வகித்த டி. ஜெயக்குமார் இராயபுரத்திலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வடசென்னைக் கடற்கரையை அறிந்தவர்களிடமே மீன்வளம் இருந்த அக்காலங்களிலும் கொசஸ்தலை கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிவது நிற்கவில்லை. குழாயின்மீது மீன்வள அமைச்சருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதே காரணம். பொன்னேரித் தொகுதிக்கோ 2021இல் தன் உறுப்பினர் அமைச்சராகும் வாய்ப்பும் இல்லை. அங்கு வென்றது காங்கிரஸ். கூட்டணிக் கட்சிகளுக்கு அமைச்சரவையில் இடமளிக்காத திராவிடக் கட்சிகளின் வழக்கம் அப்போதும் தொடர்ந்தது. தொகுதிப் பங்கீட்டு மேசையிலேயே சில ஊர்களின் அமைச்சர் வாய்ப்பு முடிந்துபோவது போதிய கவனம் பெறாத ஒன்று.

இதைவிட ஆழமான தடை கூட்டுப் பொறுப்பு என்னும் கோட்பாட்டில் உள்ளது. அமைச்சரவை முழுவதும் பேரவைக்குச் சேர்ந்தே பொறுப்பேற்கிறது என்பது இதன் பொருள். ஆட்சியைக் கட்டிக்காக்கும் இக்கோட்பாடு, மாசுபடுத்துவதும் கண்காணிப்பதும் அரசே என்னும் நிலையில் ஓர் அமைச்சர் மற்றோர் அமைச்சரின் துறைமீது வெளிப்படையாக நடவடிக்கை எடுப்பதை அரிதாக்குகிறது. இச்சாம்பல் கசிவு தொடர்பான வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்று 2022இல் தீர்ப்பு பெற்றது, அமைச்சரவைக்குள் தீர்ந்திருக்க வேண்டிய ஒன்று அங்கே தீராததன் விளைவு எனல் தகும். மின்துறையோ 2023 ஜூன் முதல் 2025 ஏப்ரல் வரை செந்தில் பாலாஜியிடமிருந்து தங்கம் தென்னரசுக்கும், மீண்டும் செந்தில் பாலாஜிக்கும், பின்னர் சிவசங்கருக்குமாக மூன்று முறை கைமாறியது. எந்தக் குழாய் எப்போது மாற்றப்படும் என்று கேட்போருக்கு வாக்குறுதி தந்தவர் அடுத்த ஆண்டு அத்துறையில் இருப்பதில்லை.

ஆகவே எண்ணூர்ப் பகுதிக்கென மின்சாரம், சுற்றுச்சூழல், நீர்வளம், மீன்வளம் ஆகிய துறைகளின் அமைச்சர்கள் அடங்கிய நிலையான அமைச்சரவைத் துணைக்குழு தேவைப்படுகிறது. மாசுக் கட்டுப்பாட்டை மின்துறை அமைச்சரிடமே சேர்ப்பது தீர்வாகாது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒருவரேயாகிவிடுவர். அத்துணைக்குழுவுக்கும் எல்லை உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகம் மாநிலத்தின் கடல்சார் வாரியத்தின் வரம்புக்குள் வருகிறது. அதனை அடுத்துள்ள காமராஜர் துறைமுகம் பெருந்துறைமுகம் என்பதால் ஒன்றிய அரசுக்குரியது. வல்லூர் அனல்மின் நிலையம் ஒன்றிய, மாநில நிறுவனங்களின் கூட்டு முயற்சி. காமராஜர் துறைமுகம், வல்லூர் நிலையம் ஆகிய இவ்விரண்டின்மீதும் தமிழக அமைச்சர் எவரும் தனித்து ஆணையிட முடியாத நிலையில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் இசைவாணையே மாநிலத்திடம் எஞ்சியுள்ள வலுவான பிடி. அவ்வாரியத்தைத் தன்கீழ்க் கொண்ட சுற்றுச்சூழல் துறை வேறொரு துறையோடு ஒட்டிச் சேர்க்கப்படாமல், முழுநேர அமைச்சர் ஒருவரிடம் தனித்து இருக்க வேண்டியது இதனாலேயே.