பித்தளை டோக்கனும் வி.பி.என்.னும்



"சார், வீட்டு வைஃபையிலும் வி.பி.என். போடணுமா?" என்று மாலை நடையில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் கணினி படித்தவன் அல்ல, பி.காம். முடித்து வங்கிக் கவுண்டரில் காலம் கழித்தவன். ஆனால் இது எதற்காக வந்தது என்ற வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

வி.பி.என். வீட்டுக்காக வந்ததல்ல, ஆபீசுக்காக வந்தது. 1996இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் என்.டி. 4.0இல் பி.பி.டி.பி. என்ற முறையைச் சேர்த்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் குர்தீப் சிங் பால். வெளியூரில் இருக்கும் ஊழியர், தனி லைன் வாடகைக்கு எடுக்காமல், சாதாரண இணையம் வழியாகவே அலுவலகக் கணினிக்குள் நுழைய வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். இரண்டே ஆண்டில், 1998இல், புரூஸ் ஷ்னையரும் மட்ஜ் என்பவரும் அதில் ஓட்டைகள் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு வேறு முறைகள் வந்தன.

பொதுமக்களுக்குப் பயம் வந்தது 2010 அக்டோபரில். அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த ஒரு மாநாட்டில் எரிக் பட்லர் என்பவர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு மென்பொருளை வெளியிட்டார். அது என்ன செய்தது என்பதை என் தலைமுறைக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். செக்கைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் தருவோமே, நினைவிருக்கிறதா? கையெழுத்தையெல்லாம் சரிபார்ப்பது உள்ளே. காசாளர் பார்ப்பது டோக்கனைத்தான். இணையத்திலும் அதே கதை. கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மட்டும் பல தளங்கள் பூட்டி வைத்திருந்தன. உள்ளே போனபின் கொடுக்கும் 'குக்கி' என்ற டோக்கன் திறந்தபடியே போய்வந்தது. காபிக் கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஃபேஸ்புக்கில் நீங்களாகவே உலவலாம். கம்பெனிகள் விழித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை வெளியிட்டதாக அவர் சொன்னார். விழித்தும் கொண்டன. 2013இல் ஃபேஸ்புக் முழுவதும் எச்.டி.டி.பி.எஸ். பூட்டுக்குள் வந்தது. 2015 இறுதியில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அந்தப் பூட்டை எல்லாத் தளங்களுக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. இன்று உங்கள் வங்கிச் செயலி தன் பூட்டுடன்தான் வருகிறது.

அப்படியானால் வி.பி.என். எதற்கு? அது ஆர்.எம்.எஸ். தபால் பை மாதிரி. லாட்ஜ் வைஃபைக்காரருக்குப் பைதான் தெரியும். உள்ளே எந்தெந்த விலாசத்துக்குக் கடிதம் என்று தெரியாது. ஆனால் பையைப் பிரிப்பவருக்குத் தெரியுமே! அந்தப் பிரிப்பவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ நிறுவனம் இலவச வி.பி.என். கொடுத்தது. மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு அதன் வழியே ஃபேஸ்புக்குக்குப் போனது. 2018இல் அது ஆப்பிள் கடையிலிருந்து நீங்கியது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி டாலர் அபராதம் விதித்தது. நம் நாட்டில் 2022 ஏப்ரலில் சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்வி.பி.என். போன்றவை தங்கள் சர்வர்களை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு வெளியூர் லாட்ஜில் இருந்தபோது, மைத்துனரின் மருத்துவமனை முன்பணம் உடனே கட்ட வேண்டியிருந்தது. வி.பி.என். ஓடிக்கொண்டிருந்ததை மறந்து நெட் பேங்கிங்கில் நுழைந்தேன். ஐரோப்பாவிலிருந்து யாரோ நுழைகிறார் என்று எண்ணி வங்கி என் கணக்கைப் பூட்டிவிட்டது. அன்று ஞாயிறு. வீட்டம்மா தன் போனில், மொபைல் டேட்டாவிலேயே, இரண்டு நிமிடத்தில் அனுப்பி முடித்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இப்போது என் வழக்கம் இதுதான். வீட்டில் வி.பி.என். கிடையாது. வெளியூரில் பணம் அனுப்புவதென்றால் மொபைல் டேட்டா மட்டும். லாட்ஜ் வைஃபையில் மெயில், பத்திரிகை பார்க்கும்போது காசு கொடுத்து வாங்கிய வி.பி.என். ஆபீஸ் கொடுத்த வி.பி.என்.னில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதை அணைக்க வேண்டியதில்லை. அது பிறந்ததே அதற்குத்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியது ரவுட்டர். ஆள் வந்து மாட்டிவிட்டுப் போன அன்று வைத்த கடவுச்சொல்தான் நம்மில் பலர் வீட்டில் இன்னமும் இருக்கிறது. மாற்றத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வாருங்கள், செய்து காட்டுகிறேன். பழைய கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். போன முறை அப்படி நான்கு சீட்டுகள் வந்தன.