பக் கியோங்னி

பக் கியோங்னி (1926–2008) தென்கொரிய நாவலாசிரியர். இயற்பெயர் பக் கும்-இ. 1969 செப்டம்பரில் தொடங்கி 1994 ஆகஸ்ட் 15 அன்று முடித்த ‘தோஜி’ என்ற நாவல்தான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. ஐந்து பாகங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். இன்றைய பதிப்பில் இருபது தொகுதிகள். இப்படிப்பட்ட நெடுங்கதையைக் கொரியர்கள் ‘தேஹா சொசொல்’ என்கிறார்கள், பேராற்று நாவல் என்று பொருள்.

தலைப்பைப் பலரும் ‘மண்’ என்று எடுத்துக்கொள்வதுண்டு. அது சரியல்ல. கொரிய மொழியில் மண்ணுக்கு ‘ஹுக்’ என்றும் தரைக்கு ‘தாங்’ என்றும் சொற்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பத்திரத்தில் எழுதப்படும் ‘தோஜி’யை அவர் தெரிந்தே எடுத்தார். கையெழுத்தும் முத்திரையும் விழுந்த நிலம், ஒருவருக்குச் சொந்தமாகி இன்னொருவருக்கு இல்லாமல் போகும் நிலம். நாவலின் சண்டை முழுக்க அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

வாழ்க்கை

தென்கடற்கரை ஊரான டோங்யோங்கில் பிறந்தார். அப்பாவுக்குக் கல்யாணமானபோது வயது 14. அம்மா அவரைவிட மூத்தவர். மகள் குழந்தையாக இருக்கும்போதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அப்பாமேல் வெறுப்பு, அம்மாமேல் இரக்கமும் ஏளனமும் கலந்த ஓர் உணர்வு: இவற்றோடுதான் வளர்ந்தேன் என்பதைப் பிற்காலத்தில் அவர் ஒளிக்கவில்லை. ஜின்ஜு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்து, 1946இல் மணம் செய்துகொண்டார். 1950இல் கொரியப் போர் மூண்டது. இடதுசாரி என்று குற்றம் சாட்டப்பட்ட கணவர் சியோலின் சொதேமுன் சிறைக்குப் போனார், உயிரோடு திரும்பவில்லை. மகளும் மகனும் தாயுமாக ஒரு வீட்டின் சுமை அவர் தலையில் விழுந்தது. சில காலம் வங்கி ஒன்றில் வேலை பார்த்தார்.

முதலில் எழுதியது கவிதை. ஒரு தோழி வழியாக அவை அன்றைய முன்னணி எழுத்தாளர் கிம் தொங்-நியின் கைக்குப் போயின. கவிதையை விட்டுவிட்டுக் கதை எழுது என்றார் அவர். கியோங்னி என்ற புனைபெயரும் அவர் வைத்ததுதான். 1955இல் ‘கணக்கு’ என்ற சிறுகதை ‘ஹ்யொந்தே முன்ஹாக்’ இதழில் வந்தது. அடுத்த ஆண்டே மகன் விபத்தில் இறந்தான்.

அந்தச் சாவிலிருந்து எழுந்த கதை ‘நம்பிக்கையற்ற காலம்’ (1957). போரில் கணவனை இழந்த ஜின்யோங், சரியாகப் பரிசோதிக்காமல் செய்த அறுவைச் சிகிச்சையில் ஒரே மகன் முன்சுவையும் இழக்கிறாள். பிறகு அவள் போகிற இடமெல்லாம் கல்லாப்பெட்டியாகவே இருக்கிறது. பிரார்த்தனை செய்யும் விகாரையில் காசின் கனத்தைப் பார்த்து மரியாதை தருகிறார்கள். மருத்துவமனை தீர்ந்துபோன ஊசிமருந்துக் குப்பிகளை வெளியே விற்கிறது. கடைசியில் விகாரையில் வைத்திருந்த மகனின் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மலையில் அவளே எரித்துவிடுகிறாள். சொந்தத் துக்கத்தை எழுதும்போது இத்தனை கோபத்தை அழுகை இல்லாமல் வைத்திருப்பது எளிதல்ல. இக்கதை அவருக்குப் புதிய எழுத்தாளர் விருதைப் பெற்றுத் தந்தது. கூடவே, தன் கதையையே எழுதுகிறார் என்ற பெயரையும் தந்தது. அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை.

அதிலிருந்து வெளியே வந்த நாவல் ‘மருந்துக்கடை கிம்மின் மகள்கள்’ (1962). களம் டோங்யோங். நஞ்சு குடித்து இறந்த தாய்க்குப் பிறந்த ஒருவர், அவருடைய ஐந்து மகள்கள், மூழ்கிப்போகும் படகுகளோடு மூழ்கும் குடும்பம். ஒருத்திக்குச் சித்தம் கலங்குகிறது. ஒருத்தி கைக்குழந்தையோடு கப்பல் கவிழ்ந்து சாகிறாள். துயரம் கொஞ்சம் கூடுதலாகவே குவிந்திருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் துறைமுகத்தின் மீன் வாடையும் சந்து பொந்துகளும் வம்புப் பேச்சும் அந்தக் குறையை மறக்கடிக்கும். அடுத்த ஆண்டே யூ ஹ்யொன்-மோக் இதைப் படமாக்கினார். ‘சந்தையும் போர்க்களமும்’ (1964) கொரியப் போரைப் பற்றியது.

தோஜி

விதை பாட்டி சொன்ன கதையில் இருக்கிறது. கோஜே தீவில் ஒரு பெரிய பண்ணை வீடு. கண்ணுக்கெட்டிய தூரம் வயல் பொன்னாக விளைந்து கிடக்கிறது. காலரா வந்து வீட்டிலிருந்தவர்கள் எல்லோரையும் வாரிக்கொண்டு போய்விட்டது, அறுக்க ஆளில்லை. எஞ்சியது ஒரு பெண் மட்டும். பிறகு யாரோ ஒருவன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனானாம். விளைந்த மஞ்சளும் சாவும் ஒரே வயலில் நிற்கும் அந்தக் காட்சி சிறுமியின் மனத்திலிருந்து போகவே இல்லை.

நாவல் 1897ஆம் ஆண்டு சூசொக் அறுவடைத் திருநாளில், ஹாதோங் பகுதியின் பியோங்சாரி கிராமத்தில் தொடங்குகிறது. சோய் குடும்பத்தின் ஒரே வாரிசு, ஐந்து வயது சொஹீ. தாய் வீட்டு வேலைக்காரனோடு ஓடிப்போகிறாள், தகப்பன் கொலையாகிறான், பாட்டி காலராவில் இறக்கிறாள். தூரத்து உறவினன் ஜோ ஜுன்-கு சொத்தைச் சுருட்டிக்கொள்கிறான். சொஹீ ஊராரில் சிலரோடு மஞ்சூரியாவின் லோங்ஜிங்குக்குப் போய், வியாபாரத்தில் பணம் குவித்து, வீட்டுப் பணியாள் கில்சாங்கை மணந்து, ஜின்ஜுவுக்குத் திரும்பி நிலத்தை மீட்கிறாள். 1945 ஆகஸ்ட் 15, ஜப்பானிய ஆட்சி முடிந்த செய்தியோடு கதை நிற்கிறது.

சுருக்கினால் பழிவாங்கும் கதைபோலத் தெரியும். உண்மையில் நிலத்தை மீட்டதும் சொஹீயிடம் மிஞ்சுவது வெறுமைதான். நாவலும் அதற்குப்பின் அவளை விட்டு விலகி எத்தனையோ பேர் வீட்டுக்குள் போய்விடுகிறது. விடுதலைப் போராட்டம் பெரும்பாலும் வதந்தியாகவும் வீட்டுக்கு வராத ஆளாகவுமே வருகிறது. நடுவில் இருப்பவை கிணற்றடிச் சண்டையும் பசியும் பொறாமையும். பலர் மறக்காத ஜோடி சொஹீயும் கில்சாங்கும் அல்ல. பூசாரிப் பெண்ணுக்குப் பிறந்ததால் மணக்க முடியாமல் போன வோல்சொன்னும் உழவன் யோங்-இயும்தான். தென்கிழக்கு வட்டாரப் பேச்சு பக்கத்துக்குப் பக்கம் விளையாடுவதால், இந்நாவலுக்கென்றே தனி அகராதி போட வேண்டியிருந்தது. பிற்பாகங்களில் அறிவாளிகளின் நீண்ட விவாதங்கள் வேகத்தைக் குறைப்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுதிய சூழலும் லேசானதல்ல. 1971இல் மார்பகப் புற்றுக்கு அறுவைச் சிகிச்சை. வீடு திரும்பி, கட்டுப் பிரிக்காத மார்போடு மறுபடி எழுத உட்கார்ந்தார். மகளை மணந்த கவிஞர் கிம் ஜிஹாவுக்கு 1974இல் அதிபர் பக் சுங்-ஹீயின் அரசு மரண தண்டனை விதித்து, பின் குறைத்தது. 1975 பிப்ரவரி 15 இரவு ஜிஹா விடுதலையானபோது சிறை வாசலில் பெருங்கூட்டம். அன்று செய்தியாளராகப் போயிருந்த கிம் ஹுன், பின்னாளில் தாமே பெயர்பெற்ற நாவலாசிரியரானவர், கூட்டத்தில் சேராமல் குளிரில் தள்ளி நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தார். முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை. ஜிஹாவின் மகனைச் சுமந்து நின்ற பக் கியோங்னி அது. ஜிஹா சில வாரங்களிலேயே மறுபடி கைதானார். தொடராக வந்த ‘தோஜி’ இதழ் விட்டு இதழ் மாறியது, இடையிடையே நின்றது. ஐந்தாம் பாகம் ‘முன்ஹ்வா இல்போ’ நாளிதழில் வந்தது.

வோன்ஜு

1980இல் மகளின் அருகே இருக்க வோன்ஜுவுக்குக் குடிபெயர்ந்தார். மிளகாயும் கீரையும் பயிரிட்டார், தெருப்பூனைகளுக்குச் சோறு வைத்தார், பேட்டிகளைத் தவிர்த்தார். தையல் இயந்திரத்தையும் கொரிய அகராதியையும் கடைசிவரை பொக்கிஷமாக வைத்திருந்தார். குடியிருப்புத் திட்டத்துக்கு அந்த வீட்டு மனை எடுக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்ததால் வீடு தப்பி, இன்று பூங்காவாக நிற்கிறது. 1999இல் ஊருக்கு வெளியே தோஜி பண்பாட்டு மையத்தைத் திறந்தார். எழுத்தாளர்கள் தங்கி எழுத அங்கே அறைகள் உண்டு. தோட்டத்துக் காய்கறி அவர்கள் தட்டுக்குப் போயிற்று.

2008 மே 5 அன்று காலமானார். டோங்யோங்கின் மிருக் தீவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரிலான பன்னாட்டு இலக்கியப் பரிசு 2011இல் முதலில் சோய் இன்-ஹுனுக்குக் கிடைத்தது. ‘தோஜி’யின் முதல் பாகம் 1996இல் ஆங்கிலத்தில் வந்தது. ஜப்பானிய மொழியில் இருபது தொகுதிகளும் 2024இல் நிறைவுற்றன.

நாவலை எழுதத் தொடங்கியபோது அவர் பியோங்சாரியில் கால் வைத்ததே இல்லை. பேச்சு வழக்கு தெரிந்த பகுதி, பெரும் பண்ணை நிற்கத் தக்க அகன்ற வயல்வெளி என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தார். சோய் குடும்பத்துக்கு அங்கே வீடு எதுவும் இருந்ததில்லை. நாவலுக்குப் பிறகு கட்டினார்கள். இப்போது உள்ளே போனால், திண்ணையிலிருந்து அந்த வயல் முழுவதும் தெரியும்.