சிபாரிசில் வந்த எடிட்டர்கள்

1925இல் லண்டனில் ஃபேபர் அண்ட் க்வயர் என்ற பதிப்பகம் ஆள் தேடியது. செவிலியர் பத்திரிகையும் மருத்துவ நூல்களும் போட்டுவந்த பழைய நிறுவனத்திலிருந்து முளைத்தது அது. இலக்கியம் வெளியிட ஆசை. ஆனால் வேலைக்கு விளம்பரமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. நிறுவனத்தின் ஜெஃப்ரி ஃபேபர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல் சோல்ஸ் கல்லூரியின் ஃபெல்லோ. அவரிடம் விமர்சகர் சார்லஸ் விப்லி ஒரு பெயரைச் சொன்னார்: டி. எஸ். எலியட், வங்கி ஊழியர்.

எலியட் 1917 முதல் லாயிட்ஸ் வங்கியில் இருந்தார். அவருடைய ‘தி வேஸ்ட் லேண்ட்’ வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கவிதையும் தெரியும், கணக்கும் தெரியும் என்றால் எந்த முதலாளி விடுவார்? 1965இல் இறக்கும்வரை எலியட் அங்கேயே இருந்தார். பெயரிலுள்ள க்வயர் குடும்பத்தின் மாரிஸ் க்வயரும் ஆல் சோல்ஸ்காரர்தான். பின்னாளில் இந்தியக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாகவும், டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர்.

சிபாரிசில் வந்தவர் சோடைபோகவில்லை. இளைஞர் ஆடனின் கவிதைகளை 1930இல் வெளியிட்டது அந்தப் பதிப்பகம். ஆனால் 1944இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யைத் திருப்பி அனுப்பியவரும் இதே எலியட்தான்.

1953இலும் கதவு அதே பக்கமாகவே திறந்தது. சார்லஸ் மான்டீத் சட்டம் படித்தவர், போரில் பர்மாவில் காயம்பட்டவர், அவரும் ஆல் சோல்ஸ் ஃபெல்லோ. பதிப்புத் தொழிலில் அனுபவம் கிடையாது. அந்தப் பதிப்பகத்தில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, வெளியிடத் தகாதது என்று ஒதுக்கப்பட்டிருந்த பழுப்பேறிய தட்டச்சுப் பிரதி ஒன்றை ரயிலில் படிக்க எடுத்துப்போனார். அதை எழுதியவர் பள்ளி ஆசிரியர். பல பதிப்பகங்கள் ஏற்கெனவே வேண்டாம் என்றிருந்தன. மான்டீத் விடவில்லை. அணுயுத்தத்தை விவரித்த தொடக்கத்தை வெட்டச் சொன்னார், தலைப்பும் மாறியது. 1954இல் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ வெளிவந்தது. வில்லியம் கோல்டிங் 1983இல் நோபல் பெற்றார். அனுபவம் கேட்கும் நேர்காணல் நடந்திருந்தால் மான்டீத் முதல் கேள்வியிலேயே வெளியே போயிருப்பார். அதற்காக இந்த முறையைப் புகழ்ந்துவிடவும் முடியாது. ஆல் சோல்ஸ் அப்போது ஆண்களை மட்டுமே ஃபெல்லோவாக ஏற்றது. அந்தக் கல்லூரியின் சாப்பாட்டு மேசையில் இடம் கிடைக்காத பெண்களின் பெயரை யார் சிபாரிசு செய்திருப்பார்கள்?

நியூயார்க்கில் பழக்கம் சற்று வேறு. 1955இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் நிறுவனத்தில் வேலை கேட்டுப்போன ராபர்ட் காட்லீப்பிடம், பதிப்புத் துறைக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று கடிதம் எழுதிவரச் சொன்னார் ஜாக் குட்மன். வேறு எந்த வேலைக்கும் போகலாமென்று தனக்குத் தோன்றியதே இல்லை என்கிற அளவில் பதிலை முடித்துக்கொண்டார் காட்லீப். வேலை கிடைத்தது. 1961இல் ஜோசஃப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ அவர் கைபட்டே வெளிவந்தது.

டோனி மாரிசனுக்குச் சொல்லிவிட ஆளில்லை. இரண்டு குழந்தைகளின் தாய், மணமுறிவு பெற்றவர். 1960களின் நடுவில், ரேண்டம் ஹவுஸின் பாடநூல் பிரிவில் எடிட்டர் வேலைக்கு வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து, சிரகியூஸ் நகரில் சேர்ந்தார். அங்கிருந்து நியூயார்க் தலைமையகத்துக்கு வந்து, ஏஞ்சலா டேவிஸ், கெய்ல் ஜோன்ஸ், முகமது அலி ஆகியோரின் நூல்களுக்கு எடிட்டரானார்.