பருவங்கள் ஏன் மாறுகின்றன: ஒரு விடையின் வரலாறு

ஆண்டைப் பருவங்களாகப் பகுக்கும் வழக்கம் மிகப் பழையது. தொல்காப்பியம் அதைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தது. உழவருக்கும் கடலோடிகளுக்கும் பருவம் எப்போது வரும் என்பது தெரிந்திருந்தது. அது ஏன் மாறுகிறது என்பதற்கு முழு விடை கிடைத்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகளே ஆகின்றன.

விடையைத் தேடும் முயற்சிக்கு முதலில் உதவிய கருவி ஒரு கோல். சமதளத்தில் செங்குத்தாக நட்ட அந்தக் கோலை இந்திய வானியலார் சங்கு என்றனர். சீனரும் கிரேக்கரும் அதைப் பயன்படுத்தினர். அதன் நண்பகல் நிழலை நாள்தோறும் அளந்து வந்தால், சூரியன் ஆறு மாதம் வடக்கு நோக்கியும் ஆறு மாதம் தெற்கு நோக்கியும் நகர்வது புலப்படும். இவையே உத்தராயணமும் தட்சிணாயனமும். இந்த நகர்வின் வட, தென் எல்லைகளுக்கு இடைப்பட்ட கோணம் முழு வட்டத்தில் 83இல் 11 பங்கு என்பது கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எரட்டோஸ்தெனிஸின் கணக்கு. அதில் பாதியே சாய்வின் அளவு; அது ஏறத்தாழ 23.85 பாகை. கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டீயம் அதை 24 பாகை என்றது. இன்றைய அளவு சுமார் 23.4 பாகை.

சாய்வின் அளவு இவ்வாறு தெரிந்துவிட்டது. சாய்ந்திருப்பது எது என்பது தெரியவில்லை. பூமியை நடுவில் நிறுத்தியவர்கள், சூரியனின் ஆண்டுப் பாதையே சாய்ந்திருப்பதாகக் கொண்டனர். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று கூறிய ஆரியபட்டரும் ஆண்டுச் சுற்றைச் சூரியனுக்கே உரியதாக வைத்துக் கணித்தார். 1543இல் வெளியான நூலில் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்து, சாய்வைப் பூமியின் அச்சுக்கு மாற்றினார். அந்த அச்சு ஆண்டு முழுவதும் ஒரே திசையை நோக்கி நிற்க, பூமிக்குத் தனியாக ஒரு மூன்றாம் இயக்கம் வேண்டும் என்றும் அவர் நினைத்தார். அது தேவையில்லை என்று 1632இல் கலிலியோ காட்டினார். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு பந்தை மிதக்கவிட்டு, கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி ஒருவர் சுழன்றாலும் பந்து தன் திசையை மாற்றிக்கொள்வதில்லை. பூமியின் அச்சும் அப்படியே திசை மாறாமல் இருக்கிறது.

விடை இதில் நிறைவு பெற்றது. அச்சு திசை மாறாததால், ஜூனில் வட அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கிறது; டிசம்பரில் தென் அரைக்கோளம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பக்கத்தில் பகல் நீள்கிறது. நண்பகல் வெயில் செங்குத்தை நெருங்கி, குறைந்த பரப்பில் குவிந்து விழுகிறது. மறுபக்கத்தில் அதே ஒளி சரிவாக விழுந்து பரந்துவிடுவதால் சூடு குறைகிறது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்த மாற்றம் வேறு வடிவம் எடுக்கிறது. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் நீளம் ஆண்டு முழுவதும் ஒன்றரை மணி நேர அளவே மாறுகிறது. இங்கே பருவத்தை உணர்த்துவது மழை. நிலமும் கடலும் வெவ்வேறு அளவில் சூடாவதே பருவக்காற்றுக்குக் காரணம் என்று 1686இல் எட்மண்ட் ஹாலி விளக்கினார். அந்தச் சூடு ஆண்டுக்குள் வடக்கும் தெற்குமாக இடம் மாறுவதற்கும் அச்சின் சாய்வே அடிப்படை.

இந்த விடையைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஐரோப்பியப் பள்ளிகள் டெல்லூரியன் என்ற கருவியைப் பயன்படுத்தின. நடுவில் மெழுகுவத்தியோ விளக்கோ சூரியனாக எரியும். கைப்பிடியைச் சுழற்றினால் சாய்ந்த பூமி உருண்டை அதைச் சுற்றிவரும். பின்னர் பாடநூல் படங்கள் அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. அவற்றில் பலவும் பூமியின் பாதையை மிக நீண்ட நீள்வட்டமாகக் காட்டியதால், பூமி சூரியனை நெருங்கும்போது கோடை வருகிறது என்ற தவறான எண்ணம் வலுத்தது. 1987இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளில் எடுக்கப்பட்ட ஆவணப்படத்தில், கேள்வி கேட்கப்பட்ட 23 பேரில் 21 பேர் பருவங்களுக்கோ நிலவின் பிறைகளுக்கோ சரியான காரணம் சொல்லவில்லை.

பாதை நீள்வட்டம் என்று 1609இல் கெப்ளர் நிறுவியது உண்மைதான். ஆனால் அது வட்டத்துக்கு மிக நெருங்கிய நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரிலும், ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டரிலும் இருக்கிறது. தொலைவுதான் காரணம் என்றால் உலகம் முழுவதும் ஜனவரியில் கோடையாக இருக்க வேண்டும். அப்போது ஐரோப்பாவில் குளிர்காலமும் ஆஸ்திரேலியாவில் கோடையும் நடப்பதைக் கவனித்த பிள்ளைக்குத் தொலைவு விடையாகாது என்பது தானாகவே விளங்கும். சாய்வைப் பற்றிய பாடத்தை அதன்பின் தொடங்குவதே பொருத்தம்.