தடுப்பும் தோழியும்: திருவனந்தபுரத்தில் கருத்தடை கடந்து வந்த வழி

திருவனந்தபுரத்தில் கருத்தடை பொதுமேடைக்கு வந்தது 1935ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில். அகில இந்திய மாதர் மாநாட்டின் பத்தாவது கூட்டம் அப்போது அந்நகரில் நடந்தது. திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் தாயார் சேது பார்வதிபாய் தலைமை வகித்தார். அமெரிக்காவில் கருத்தடை இயக்கத்தைக் கட்டியெழுப்பிய மார்கரெட் சாங்கர் விருந்தினராக வந்திருந்தார். பெண்களுக்குக் கருத்தடை முறைகளைச் சொல்லித்தரும் மருத்துவ நிலையங்கள் வேண்டும் என்ற தீர்மானம் அவைக்கு வந்ததும் கிறிஸ்தவப் பெண் பிரதிநிதிகள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அதே சமூகத்தில் பிறந்த திருவனந்தபுரத்து வழக்கறிஞர் அன்னா சாண்டி எழுந்து தீர்மானத்தை ஆதரித்தார். தீர்மானம் நிறைவேறியது.

அந்த விவாதத்துக்கான களம் முன்பே உருவாகியிருந்தது. 1921இல் சுமார் 40 லட்சமாக இருந்த திருவிதாங்கூரின் மக்கள்தொகை 1931இல் 51 லட்சத்தை எட்டியது. தாய்வழிச் சொத்துரிமையான மருமக்கத்தாயம் ஆட்டம் கண்டது. 1912, 1925ஆம் ஆண்டுகளின் நாயர் சட்டங்கள் தறவாடு எனும் தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழி திறந்தன. கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறிய குடும்பத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்தது. பெண்கள் படித்தார்கள், உத்தியோகம் கேட்டார்கள். லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ் 1916 முதல் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பணியாற்றினார். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளித்தார். பிரசவம் வீட்டு அறையிலிருந்து மருத்துவமனைக்கு நகரத் தொடங்கிய காலம் அது. பெண்ணின் உடலை மருத்துவர் முன் வைத்துப் பேசலாம் என்ற பழக்கமும் அதனோடு சேர்ந்து வந்தது.

கருத்தடை குறித்து அன்று மூன்று குரல்கள் ஒலித்தன. முதலாவது காந்தியின் குரல். 1935 டிசம்பரில் வார்தாவில் சாங்கர் அவரைச் சந்தித்தபோது, பிள்ளைப்பேற்றுக்கு அப்பாற்பட்ட உடலுறவைக் காந்தி ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். இரண்டாவது, மக்கள்தொகைக் கணக்கின் குரல்: பிள்ளைகள் குறைந்தால் வறுமை குறையும். மூன்றாவது குரல் பெண்ணின் உரிமையைப் பேசியது. தமிழில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர் பெரியார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் கர்ப்பத்தடையைப் பரிந்துரைத்தபோது, பெண்ணின் விடுதலைக்கே அது வேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘குடி அரசு’ இதழில் எழுதினார். மலையாளத்தில் இந்த வாதத்துக்கு மிக அருகில் நின்றவர் அன்னா சாண்டி. சொத்தும் வாக்கும் வேலையும் பெற்ற மலையாளிப் பெண்களில் எத்தனை பேருக்குத் தங்கள் உடல் மீது அதிகாரம் இருக்கிறது என்று அவர் கேட்டார். 1937இல் அவர் முன்சீபானார். 1959இல் கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதியானார். அவர் எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. 1956இல் கேரள மாநிலம் உருவாகி, கன்னியாகுமரிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு, இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. எல்லைக்கு இருபுறமும் சுவர்களில் குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான ஒரே தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் ஏறியது. அந்தப் பிரசாரம் காட்டிய பெண் கணக்குப் போட்டுக் குடும்பம் நடத்தும் இல்லத்தரசி. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வரலாற்றாசிரியர் ஜெ. தேவிகா, 1930 முதல் 1970 வரையிலான மலையாளிகளின் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். கருத்தடை இங்கே பொறுப்பும் ஒழுங்கும் உள்ள குடும்பத்தலைவியை உருவாக்கும் சீர்திருத்தத்தோடு பின்னிப் பிணைந்து வந்ததை அந்த ஆய்வு காட்டுகிறது. அந்த உருவத்தில் பெண்ணுக்கு அறிவு இருந்தது, கடமை இருந்தது; ஆசைக்கு இடமிருக்கவில்லை.

இதற்கிடையே திருவனந்தபுரம் கருத்தடைச் சாதனங்களின் உற்பத்தி நகரமாகவும் ஆனது. 1966 மார்ச் 1இல் இந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பதிவானது. ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு அதன் பேரூர்க்கடை ஆலை 1969 ஏப்ரலில் ஆணுறை உற்பத்தியைத் தொடங்கியது. ரப்பர் மரம் கேரளத்தில் ஏராளம். மரத்திலிருந்து வடியும் பால் உறைந்துவிடாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். பிறகு கந்தகமும் பிற வேதிப்பொருள்களும் கலந்து பதப்படுத்துவார்கள். வரிசையாக நகரும் கண்ணாடி அச்சுகள் அந்தப் பாலில் முங்கி எழும்; உலர்ந்ததும் மறுபடி முங்கும். விளிம்பு சுருட்டப்பட்டு, சூட்டில் பதமாகி, கழற்றி எடுக்கப்படும் உறைகள் ஒவ்வொன்றையும் உலோகத் தண்டில் மாட்டி மின்சாரம் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை உண்டா என்று சோதிப்பார்கள். சிலவற்றில் தண்ணீர் நிரப்பியும் காற்றடித்து வெடிக்க வைத்தும் பார்ப்பார்கள்.

அரசு விற்ற ஆணுறைக்கு வைத்த பெயருக்கும் ஒரு கதை உண்டு. காமனை நினைவூட்டும் ‘காமராஜ்’ என்ற பெயர் முதலில் யோசிக்கப்பட்டது. ஆளுங்கட்சித் தலைவரின் பெயரும் அதுவே என்பதால் கைவிடப்பட்டது. காமனின் இடத்தில் வந்தது ‘நிரோத்’, அதாவது தடுப்பு. பேரூர்க்கடை ஆலை ஓடத் தொடங்கும் முன்பே, 1968இல், தேயிலை, சோப்பு, சிகரெட் நிறுவனங்களின் விற்பனை வலையைப் பிடித்து, மூன்று 15 காசுக்குப் பெட்டிக்கடை வரை அது சென்றது. ஆனால் வாங்குபவனும் அணிபவனும் ஆண். பெண்ணின் பாதுகாப்பு அவனுடைய இசைவில் தொங்கியது.

அடுத்த திருப்பம் வடக்கே எர்ணாகுளத்தில் நிகழ்ந்தது. மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் 1971 ஜூலையில் திருவிழாபோல நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் சுமார் 63,000 ஆண்கள் கருத்தடை அறுவைசிகிச்சை செய்துகொண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த எண்ணிக்கை அது. அடுத்த ஆண்டு ‘மலையாளநாடு’ வார இதழில் மாதவிக்குட்டி என்கிற கமலா தாஸின் ‘என்டெ கத’ தொடராக வந்தது. ஒரு மனைவி தன் உடலின் ஏக்கத்தைத் தன்மையில் எழுதியதைப் படித்துக் கேரளம் கொந்தளித்தது. லட்சக்கணக்கான தம்பதிகளின் படுக்கையறைக்குள் அரசுத் திட்டம் நுழைந்திருந்த காலத்திலேயே, ஒரு பெண் அந்த அறையைப் பற்றிப் பேசியது அத்துமீறலாகப் பட்டது.

1975–77 நெருக்கடிநிலையில் வட இந்தியாவில் ஆண்களுக்கு நடந்த கட்டாய அறுவைசிகிச்சை, நாடு முழுவதும் ஆண் கருத்தடை மீது வெறுப்பைக் கிளப்பியது. சுமை பெண் பக்கம் சாய்ந்தது. பிரசவம் முடிந்த ஓரிரு நாளில், வயிற்றில் சிறு வெட்டுப் போட்டுக் கருக்குழாயைக் கட்டும் முறை மருத்துவமனைகளில் வழக்கமானது. ‘பிரசவம் நிறுத்தியாச்சு’ என்ற பொருளில் மலையாளப் பெண்கள் இதைச் சொல்கிறார்கள். கன்னியாகுமரி தொடங்கித் தமிழ்நாட்டில் ‘ஆபரேஷன் பண்ணியாச்சு’ என்றாலே போதும். இரண்டு சொற்றொடரிலும் உடலுறவு இல்லை. அதுவே இந்த முறைக்குக் கிடைத்த வரவேற்பின் பாதி ரகசியம். மாத்திரை வாங்கக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும், ஆணுறைக்குக் கணவனிடம் பேச வேண்டும். இரண்டுமே தனக்கும் உறவில் பங்குண்டு என்று பெண் ஒப்புக்கொள்ளும் செயல்கள். அறுவைசிகிச்சையோ தாய்மையின் கடைசிப் படியாக, மாமியாரும் அம்மாவும் கூட இருக்கவே முடிந்துவிடுகிறது. கருவுறும் அச்சம் நீங்கிய நிம்மதி பலருக்கு உண்மையானது. அதே நேரம், முப்பது வயதுக்கு முன்பே உடலின் வேலை முடிந்தது என்ற முத்திரையும் சேர்ந்து விழுந்தது.

மாற்று முறைகள் இல்லாமலில்லை. கருப்பைக்குள் பொருத்தும் சாதனமாக 1965இல் வந்த லூப், அதிக உதிரப்போக்குப் புகார்களால் பெயர் கெட்டது; பின்னர் காப்பர்-டி அந்த இடத்தைப் பிடித்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோன் அல்லாத சென்ட்குரோமன் மாத்திரையை 1990களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் லேடெக்ஸ் ‘சஹேலி’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. தினமும் விழுங்க வேண்டியதில்லை, யார் அனுமதியும் தேவையில்லை, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். சஹேலி என்றால் தோழி. பின்னர் அதே மாத்திரை ‘சாயா’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது.

பிள்ளைப்பேற்றுக் கணக்கில் கேரளம் வென்றது. 1992–93இன் முதல் தேசியக் குடும்பநல ஆய்விலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள் என்ற நிலையை மாநிலம் எட்டியிருந்தது. பெண்கல்வியும் குழந்தை இறப்பு குறைந்ததும் இதில் பெரும்பங்கு வகித்தன. 2019–21இன் ஐந்தாம் ஆய்வில் இந்தச் சராசரி 1.8. ஆனால் முறையைத் தேர்ந்தெடுத்த கணக்கு வேறு கதை சொல்கிறது. அதே ஆய்வின்படி கேரளத்தில் மணமான பெண்களில் 46.6 விழுக்காட்டினர் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவைசிகிச்சை ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பேரூர்க்கடை ஆலை ஓடத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்த பிறகும், அந்த மாநிலத்தில் ஆணுறைப் பயன்பாடு ஒற்றை இலக்க விழுக்காடுதான்.