மாமல்லையிற் சிற்பப் பயிற்சி

செங்கல்பட்டுச் சீமையின் கடல்சார் ஊர்களுள் ஒன்றாகிய செய்யூரிற் கந்தசுவாமி திருக்கோயில் விளங்குகின்றது. அதனுட் புகுவார், நாண்மீன்கட்கு உரியனவாகக் கொள்ளப்பெறும் 27 வேதாள உருவங்களைக் காண்பர். கோயிலை எடுப்பித்தாரைக் கல்வெட்டுக்கள் போற்றுதல் பெருவழக்கு; கல்லைச் செதுக்கினார் பெயரோ பெரும்பாலும் மறைந்தொழிந்தது. அவர் கற்ற கல்வி யாது, அஃது இந்நாளில் எங்ஙனம் பயிலப்படுகின்றது என்பன ஆராயத்தக்கன.

சிற்ப நூலார் முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொள்வர். தாலம் 12 அங்குலம். அங்குலம் 8 யவை. ஈண்டு அங்குலமென்பது அடிக்கோலின் அங்குலமன்று. உருவத்தின் உயரத்தினின்றே பிறக்கும் பகுப்பு. ஆதலின் கையகலச் செப்புத் திருமேனியும் ஆளுயரக் கற்றிருமேனியும் ஓரளவினவேயாம். சிவபெருமான் திருவுருவிற்கு உத்தம தசதாலம், அஃதாவது 124 அங்குலம், தேவியர்க்கு மத்திம தசதாலமாகிய 120, விநாயகர்க்குப் பஞ்சதாலம். பூதகணங்கட்கு இன்னும் குறுகிய அளவுகளும் உள.

இவ்வறிவு நெடுங்காலம் கம்மியர் குடிகளில் தந்தையிடமிருந்து மைந்தன் கைக்கு வந்தது. திருப்பணி அருகியவழிப் பயில்வாரும் அருகினர். இக்குறை நோக்கி அரசினர் 1957-ஆம் ஆண்டு மாமல்லபுரத்திற் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கினர். பிள்ளையார்பட்டிச் சிற்பியர் குடியில் வந்த வைத்தியநாத ஸ்தபதியார் அதன் முதற்றலைவர். அவர்க்குப் பின் அவர்தம் மைந்தர் கணபதி ஸ்தபதியார் பொறுப்பேற்று 1988 வரை நடத்தினார். நிலையம் பின்னர்க் கல்லூரியாய் வளர்ந்து பட்டமும் அளிப்பதாயிற்று. குடிவழியிற் பிறவாதாரும் உளி பற்றுதற்கு வாயில் திறந்தமையே இதனாற் போந்த பெரும்பயன்.

குடிவழியில் வருவதைக் கூடத்திற் சில ஆண்டுகளிற் கற்பித்தல் கூடுமோ எனின், பட்டம் மட்டும் ஒருவனை ஸ்தபதி ஆக்காதென்பது மெய்யே. கோடு வரைதல் தொடங்கி, அளவு குறித்து, மிகை களைந்து, உறுப்புத் திரட்டி, அணி செதுக்கும் முறை, ஆசிரியன் கையைப் பார்த்தே படிவது. எனினும் மாமல்லையின் மாணவர்க்கு மற்றோராசிரியரும் உளர். பல்லவர் காலத்து முற்றுப்பெறாப் பணிகளாகிய பிடாரி இரதங்களையும் வலையன்குட்டை இரதத்தையும் நோக்குவார்க்கு, மேலிருந்து கீழாகக் குடைந்து வந்த முறை உளித்தழும்போடு புலனாம். முற்றிய கோயில் அழகைக் காட்டும். முற்றாத கோயிலே தொழிலைக் காட்டும். கடைத்தெருவில் வருவோர்க்கு விற்கும் உருவங்களில் இவ்வளவெல்லாம் தேடுதல் வீண்.

அளவு கற்பனையைச் சிறைப்படுத்தும் என்பாரும் உளர். ஆடவல்லான் திருமேனிகள் பலவும் ஓரளவு நூலுக்கு அடங்கியனவே. ஆயினும் ஒன்றன் முகக்குறிப்பு மற்றொன்றற்கு இல்லை. பாடுவார் யாப்பிற்கு அடங்குதல் போல்வது இது.

கணபதி ஸ்தபதியார் வகுத்த வள்ளுவர் சிலை, பீடத்தோடு 133 அடியினதாய், 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் குமரிமுனையில் திறக்கப்பெற்றது. அவர் 2011-இல் மறைந்தார். அமெரிக்க நாட்டு ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் எழுந்த இறைவன் திருக்கோயிற்கும் வரைவு அவருடையதே. அதற்குரிய கற்கள் பெங்களூரையடுத்துக் கையுளியாற் செதுக்கப்பெற்றுக் கப்பலேறிச் சென்றன. குடமுழுக்கு 2023-இல் நிகழ்ந்தது.