முகம் கழுவுதல்: உவர்நீர்க் கரையில்

முகம் கழுவுதல் என்பது முகத்தில் படிந்த வியர்வை, உப்பு, தூசி, எண்ணெய்ப் பசை ஆகியவற்றைத் தோலின் மேலடுக்குக்குக் கேடு வராமல் நீக்கும் அன்றாடச் செயல். இதில் கேடு வராமல் என்ற நிபந்தனையைப் பெரும்பாலோர் கணக்கில் கொள்வதில்லை. கழுவி முடித்ததும் முகம் இழுத்துப் பிடித்தால் அதையே சுத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இராமநாதபுரம் – இராமேசுவரம் சாலையில், மண்டபம் ஒன்றியத்தில், வடக்கே பாக் விரிகுடாவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் அமைந்த உச்சிப்புளி போன்ற ஊர்களில் இந்த எண்ணம் கூடுதல் தொல்லை தருகிறது. உப்புத் தண்ணீர்தான் முகத்தைக் கெடுக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் பொதுவாகக் கேட்கும் குறை. சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் தண்ணீரைவிட, அந்தத் தண்ணீரில் நுரை வரவழைக்கத் தேய்க்கும் சோப்பும், அது முழுதாகப் போகுமுன் கழுவலை நிறுத்திவிடும் பழக்கமும்தான் பெரிய காரணங்கள் என்று தெரிகிறது.

தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. செங்கல்லும் சாந்தும் போல, தட்டையான செல்கள் அடுக்கப்பட்டு, அவற்றின் இடைவெளிகளை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் நிரப்பியிருக்கின்றன. உடலின் ஈரம் வெளியேறாமலும் வெளிப்பொருள்கள் உள்ளே புகாமலும் காப்பது இந்த அடுக்குதான். இதன் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவில் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. இடைவெளிக் கொழுப்பை உருவாக்கும் நொதிகள் ஒழுங்காக வேலை செய்ய அந்த அமிலத்தன்மை வேண்டும். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் சோப்போ காரத்தன்மை உடையது. இந்தியச் சந்தையிலுள்ள குளியல் சோப்புகளை அளந்து 2014-ல் இந்தியத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றின் பிஎச் 9-க்கும் 10-க்கும் இடையில் இருந்தது. ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவினால் தோலின் அமிலத்தன்மை குறைகிறது. ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் அதை மீட்டுக்கொள்ளும். மீளுவதற்குள் மறுபடியும் மறுபடியும் சோப்புப் போட்டால் கொழுப்பு கரைந்து, ஈரம் குறைந்து, முகம் காந்தத் தொடங்குகிறது.

இனி தண்ணீர். இந்தக் கரையில் கிணற்றில் கிடைக்கும் நன்னீர், மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீரே. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலில் பழைய கணக்கு. மறுபுறம் பார்த்தால், மோட்டார் போட்டு மேல்மட்டத்தைச் சிறிது இறக்கினாலும் அடியிலிருந்து உப்பு வேகமாக ஏறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கிய வரவு. அதனால் தை மாதத்தில் சுமாராக இருக்கும் கிணறு சித்திரை, வைகாசியில் உவர்க்கிறது. திருச்சிப் பக்கமிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் கொண்டுவரும் நல்ல தண்ணீரும் முதலில் அடுப்படிக்குத்தான் போகும். முகத்துக்கு வருவது பெரும்பாலும் போர் தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் சோப்புக்கு நேர்வதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, நீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. 600 அளவுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய மூன்றரை கிராம் சோப்பைப் பிடித்துக் கரையாத திப்பியாக்கிவிடும். அதற்குமேல் போடும் சோப்பே நுரையாக வரும். வாளி விளிம்பிலும் குளியலறைத் தரையிலும் வெள்ளையாகப் படிவது இந்தத் திப்பிதான். முகத்திலும் அதுவே படிகிறது. போதாக்குறைக்கு, உப்பு மிகுந்த நீரில் சோப்பு சரியாகக் கரைவதே இல்லை. சோப்புத் தயாரிப்பில் கொதிக்கும் கலவையிலிருந்து சோப்பைப் பிரித்தெடுக்க உப்புப் போடுவது இந்தக் குணத்தை நம்பித்தான்.

உப்பு நீரிலும் ஓரளவு நுரைப்பது தேங்காயெண்ணெய் சோப்பு. அதிலுள்ள லாரிக் அமிலம் சங்கிலி நீளம் குறைந்தது. அதன் சோப்பு எளிதில் கரையும். கடல்நீரில் குளிக்கும் கப்பல்காரர்களுக்கென்று முன்பு செய்த சோப்புகளில் தேங்காயெண்ணெய் சேர்த்தது இதனால்தான். தென்னந்தோப்புகள் நிறைந்த உச்சிப்புளியில் இதைவிடப் பொருத்தமான சோப்பு வேறு எது என்று தோன்றும். ஆனால் தோலில் ஒட்டுப்போட்டுச் செய்த சோதனைகளில், பல நீளமுள்ள கொழுப்பு அமிலச் சோப்புகளில் மிகுதியாக எரிச்சல் தருபவற்றுள் லாரிக் வகை ஒன்று. இந்தத் தண்ணீரில் எது நன்றாக நுரைக்கிறதோ அது முகத்துக்குக் கடுமையானது. எது மென்மையானதோ அது நுரைப்பதில்லை. ஆகவே நுரையை அளவுகோலாக வைத்துச் சோப்பைத் தேர்ந்தெடுப்பவர் இந்தக் கரையில் தவறான சோப்பையே எடுப்பார். இதை வைத்துத் தேங்காயெண்ணெயையும் ஒதுக்க வேண்டியதில்லை. எண்ணெயாக இருக்கும்போது அந்த அமிலங்கள் கிளிசரினோடு கட்டுண்டு கிடக்கின்றன. பிலிப்பைன்ஸில் தோல் அழற்சியுள்ள குழந்தைகளிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், பச்சைத் தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிடத் தோலின் ஈரத்தை நன்றாகக் காத்தது. பரு வரும் முகத்தில் மட்டும் அது துளைகளை அடைக்கக்கூடும்.

சோப்பே இல்லாமல் கடல் உப்பும் மீன் கவிச்சும் எப்படிப் போகும் என்பது இயல்பான கேள்வி. உப்புப் போக வெறும் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் கடல்நீரில் இருக்கும் சுமார் 35 கிராம் உப்பும் நன்னீரில் கரைந்துவிடும், வியர்வையும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவில் மணிக்கணக்கில் நீரில் நின்று பாசி எடுக்கும் பெண்களின் முகத்தில் காய்ந்து பொரிவதும், வள்ளத்திலிருந்து இறங்குகிறவரின் புருவத்தில் ஒட்டியிருப்பதும் உப்புதான். அதைக் காய்ந்தபடியே துணியால் துடைத்தால் உப்புத்தூள் தோலை உரசும். முதலில் நனைத்துக் கரைய விட வேண்டும். (இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகியவர்கள் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும் முறை, தோலின் கணக்கில் பார்த்தாலும் நல்ல முறைதான்.) மீன் எண்ணெய், படகு டீசல் கரி, வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன், ஒப்பனை ஆகியவை மட்டுமே தண்ணீருக்கு அசையாதவை. அவை உள்ள அன்றைக்கு, உள்ள இடத்தில் மட்டும், மென்மையான கழுவுபொருள் தேவை.

எது மென்மையானது என்பதில் கடைப் பேச்சு ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) அதிகமுள்ள சோப்பு தோலுக்கு நல்லது என்பார்கள். ஐ.எஸ். 2888 தரநிலை முதல்தர சோப்புக்கு 76 விழுக்காடு கொழுப்புப் பொருள் கேட்கிறது. அது கட்டியில் சரக்கு எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்பதைச் சொல்கிறதே தவிர, காரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 76 விழுக்காடு சோப்பும் சோப்புதான். மாற்று, சோப்பே அல்லாத செயற்கைக் கழுவுபொருள் கட்டிகளும் திரவங்களும். 1957-ல் அமெரிக்காவில் டவ் என்ற பெயரில் இவ்வகைக் கட்டி விற்பனைக்கு வந்தது. இவற்றின் பிஎச்சைத் தோலுக்கு நெருக்கமாக வைக்க முடியும். கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாவதும் மிகக் குறைவு. ‘குளியல் கட்டி’ என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்ப முடியாது, சாதாரண சோப்புகளும் அந்தப் பெயரில் வருகின்றன. உட்பொருள் பட்டியலின் தொடக்கத்தில் சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் என்று இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. விலை கூடுதல்தான், முகத்துக்கு மட்டும் என்றால் ஒரு கட்டி நெடுநாள் வரும்.

தண்ணீரைக் குற்றம் சாட்டுபவர்களிடமும் சான்று இருக்கிறது, அதைத் தட்டிவிட முடியாது. கடின நீர்ப் பகுதிகளில் வாழும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் தோல் அழற்சி அதிகம் என்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் நடந்த ஆய்வு 1998-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆனால் அழற்சியுள்ள 336 குழந்தைகளின் பாதிப்பேர் வீட்டில் நீரை மென்மையாக்கும் கருவியைப் பொருத்தி 12 வாரம் பார்த்த ஆங்கிலேயச் சோதனையில் (2011), கருவி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் நோயின் கடுமையில் வேறுபாடு இல்லை. இந்த முரணுக்கு ஓரளவு விளக்கம் தருவது ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் பின்னர் செய்த ஆய்வு: கடின நீரில் கழுவியபோது கழுவுபொருளின் எச்சம் தோலில் கூடுதலாகத் தங்கியது, எச்சம் கூடக் கூட எரிச்சலும் கூடியது. ஏற்கனவே வந்துவிட்ட நோயை நீரை மாற்றி ஆற்ற முடியவில்லை. எச்சத்தைக் குறைத்தால் எரிச்சலைக் குறைக்க வழியுண்டு. எனவே முகத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்குவதை நியாயப்படுத்தும் சான்று இப்போது இல்லை. சோப்பைக் குறைத்து, கடைசியாக ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் செலவில்லாமல் எச்சம் குறையும். முதலில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு, அது தீர்ந்தபின் போர் தண்ணீரில் அலசுவது இதற்கு நேர் எதிரான முறை.

பயத்தமாவு, கடலைமாவு, நலங்குமாவு ஆகியவற்றுக்கு இந்தத் தண்ணீரில் ஒரு வசதி உண்டு: அவை கடின நீரில் திப்பியாவதில்லை, எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்கிறது. அந்த அளவுக்கு அவை உவர்நீருக்கு ஏற்றவை. இயற்கையானது என்பதால் தீங்கே வராது என்ற வாதம் மட்டும் நிற்காது. கொரகொரப்பாக அரைத்த மாவும் சேர்த்து அரைத்த பூலாங்கிழங்கின் நாரும் தோலைக் கீறும். மாவை வஸ்திரகாயம் செய்து (மெல்லிய துணியில் சலித்து), குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவினால் சரி. எலுமிச்சைச் சாறு பூசுவது வேறு வகை ஆபத்து. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும், அது ஆறியபின் மாதக்கணக்கில் கருமையும் உண்டாகலாம். நிழலே அரிதான கடற்கரையில் அந்த வைத்தியத்தைக் கைவிடுவதே நல்லது.

கருமை என்றதும் முகம் கழுவும் பழக்கத்தின் மிகப் பெரிய தவறுக்கு வந்துவிடுகிறோம். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் எரிச்சல் சிவப்பாகத் தெரிவது குறைவு. ஆறும்போது கறுப்பாகத் தங்கிவிடும். அந்தக் கறுப்பை அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்காய் நாராலும் நைலான் நாராலும் தேய்க்கிறார்கள். உரசலே நிறமியைக் கூட்டும் என்பதால் தேய்க்கத் தேய்க்கக் கறுக்கிறது. கன்னமேட்டில் வரும் மங்கு என்ற கருந்திட்டும் அழுக்கல்ல, எந்தக் கழுவலாலும் போகாது. முகத்துக்கு விரல்நுனியைவிடக் கடினமான கருவி எதுவும் தேவையில்லை. வெந்நீர் துளைகளைத் திறக்கும், குளிர்நீர் மூடும் என்பதும் சரியல்ல. திறந்து மூட அவற்றில் தசை கிடையாது. சூடான நீர் கொழுப்பைக் கரைப்பது மட்டும் உண்மை. இங்கே வெந்நீர் போடுகிறவர் குறைவுதான், ஆனால் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து நண்பகலில் இறங்கும் தண்ணீரும் வெந்நீரே. அதை வாளியில் பிடித்து ஆறவைக்க வேண்டும்.

எத்தனை முறை கழுவலாம்? பரு உள்ள இளைஞர்களை ஒருமுறை, இருமுறை, நான்குமுறை கழுவும் குழுக்களாகப் பிரித்துப் பார்த்த சிறிய ஆய்வொன்று 2006-ல் வெளியானது. இருமுறை கழுவியவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. நான்குமுறை கழுவியதால் கூடுதல் பயன் இல்லை. புழுக்கம் மிகுந்த இந்தக் கரையில் நடுநடுவே முகத்தை நனைத்துக்கொள்வதைத் தடுப்பது வீண். வெறும் தண்ணீரில் எத்தனை முறை வேண்டுமானாலும் நனைக்கலாம், கழுவுபொருள் மாலையில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. கையைக் கழுவிக்கொண்டு, முகத்தை நனைத்து, பொருளைக் கையிலேயே குழைத்து, அரை நிமிடத்துக்கு மேல் வைக்காமல் அலசலாம். எச்சம் தங்குமிடங்களான நெற்றிமுடி ஓரம், மூக்கின் பக்கங்கள், தாடைக்கு அடி ஆகியவற்றில் இன்னொரு கை தண்ணீர் ஊற்ற வேண்டும். துண்டால் துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் ஈரப்பூச்சைத் தடவினால் போதும்.

இவ்வளவு செய்தும், வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது என்றால் காரணம் கழுவலில் இல்லாமல் இருக்கலாம். சிவப்பழகு தரும் என்று மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிப் பூசிய கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலிந்து, வெயிலும் தண்ணீரும் பொறுக்காத நிலை வரும். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எச்சரித்த பிறகு, 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றைச் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளில் சேர்த்தது. அப்படிப்பட்ட கிரீமைத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் சில வாரம் கொதிக்கும். அதைப் பொறுக்க முடியாமல் பலர் மறுபடி அதையே வாங்குகிறார்கள். ஆகவே தானாக நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போவது அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.